பெயர் மூடிய சிலைடு

எங்கள் ஊரில் யாருக்காவது புற்றுநோய் என்றால், அவருக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கடையில் எனக்கு முன்னால் நின்று பால் வாங்குகிற பெண்ணுக்கு நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரப்போகிறது என்று தெரிந்துகொண்டே, அவளிடம் குளிரைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருக்கிறேன். வேறு என்ன பேசுவது? சொல்வது டாக்டரின் வேலை. பார்ப்பதுதான் என் வேலை.

சளி, சிறுநீர், நெஞ்சில் கட்டிய நீர், கர்ப்பப்பை வாயில் சுரண்டி எடுத்தது, எதுவானாலும் ஒரு கண்ணாடிச் சிலைடில் பரப்பி, சாயம் ஏற்றி என் மேஜைக்கு வரும். நான் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, புல் வெட்டுகிறவன் மாதிரி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வரிசை விடாமல் பார்ப்பேன். கெட்ட செல் கண்ணில் பட்டால் பக்கத்தில் மையால் ஒரு புள்ளி வைப்பேன். புள்ளி வைத்த சிலைடுகளை எடுத்துக்கொண்டு டாக்டர் ட்ரெவார்த்தனின் அறைக்குப் போவேன். சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்கு, செல்லையும் சதையையும் பார்த்து நோயைச் சொல்கிற டாக்டர் அவர் ஒருவர்தான்.

லாயிட் ட்ரெவார்த்தன். உயரம், ஒல்லி. மனைவி இறந்த பிறகு தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்கிறார் என்று பார்த்தாலே தெரியும். அவர் அறையில் இரட்டைத் தலை மைக்ராஸ்கோப் ஒன்று உண்டு. எதிரும் புதிருமாக உட்கார்ந்து இரண்டு பேர் ஒரே செல்லைப் பார்க்கலாம். அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். சிலைடின் ஓரத்தில் நோயாளியின் பெயர் இருக்கும் இல்லையா, அதன்மேல் வெள்ளை டேப் ஒட்டிவிட வேண்டும். எங்கள் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் மச்சானோ சம்பந்தியோதான். பெயர் தெரிந்தால் கண் இரக்கப்படும் என்பார். முதலில் நான் சொல்ல வேண்டும், அதுவரை அவர் வாயைத் திறக்கமாட்டார். நான் சொல்லி, அவர் குறுக்குக் கேள்வி கேட்டு, இருவரும் ஒத்துக்கொண்ட பிறகு நான் டேப்பை உரித்துப் பெயரைச் சத்தமாகப் படிக்க வேண்டும். அதுவரை அது செல். அதற்குப் பிறகுதான் ஆள்.

வெளியே கேட்கிறவர்களுக்கு எங்கள் பேச்சு கொடூரமாக இருக்கும். "இவன் போய்ட்டான்", "இந்தம்மா பிழைச்சுக்கும்" என்று லாட்டரிச் சீட்டைப் பார்க்கிற மாதிரி சொல்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். டேப் இருக்கிற தைரியத்தில் அது இன்னும் நீளும்.

அந்த வருடம் இலை பழுக்கிற பருவத்தில் எங்களுக்குப் புது இயந்திரம் ஒன்று வந்தது. செல்களைக் கழுவி, மெல்லிசாக ஒரே சீராகப் பரப்பித் தருமாம். நோயாளிகளின் மாதிரியைப் போடுவதற்கு முன்னால் நல்ல உடம்புக்காரர்களின் மாதிரியைப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். நல்ல உடம்புக்காரர்களுக்கு எங்கே போவது? பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிற நாங்கள்தான். ஆளுக்கு ஒரு கப்பில் சிறுநீர் பிடித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள், பெயர் எழுத வேண்டாம் என்று டாக்டர் அறிவித்தார். பெயர் வேண்டாம் என்றதில் எல்லோருக்கும் நிம்மதி. கப்புகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

சாயம் எப்படி ஏறியிருக்கிறது என்று பார்க்கத்தான் அந்தச் சிலைடுகளைக் கையில் எடுத்தேன். ஏதோ பாட்டைக்கூட முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் என் கை நின்றுவிட்டது. பாட்டும் நின்றுவிட்டது. சிலைடை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் எதிரில் உட்கார்ந்து கண்ணை வைத்தார்.

"சொல்லு" என்றார்.

"யூரின். நம்ம ஆளுங்க புது மெஷினுக்குக் கொடுத்தது. அதுக்குள்ள இது உக்காந்திருக்கு."

"எது?"

"புற்று. மூத்திரப்பையிலிருந்து வருது. மோசமான ரகம்."

"உள்ள கல்லு இருந்தாலும் செல் இப்படி மூஞ்சியைக் காட்டும்."

"கல்லுன்னா கூட்டமா உரிஞ்சு வரும். இது தனித்தனியாத் திரியுது. உள்ள இருக்கற கருவைப் பாருங்க, கரிக்கட்டை. அதோட ஓரத்தைப் பாருங்க, நாய் கடிச்சு வச்ச மாதிரி."

"சாயத் தொட்டியில வேற சிலைடிலிருந்து மிதந்து வந்து ஒட்டியிருந்தா?"

"ஒண்ணு ரெண்டுன்னா ஒத்துப்பேன். இது சிலைடு பூரா இருக்கு, டாக்டர்."

"எவ்வளவு நிச்சயம்?"

"என் புருஷன் தலை வழுக்கைங்கறது எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு."

இதற்கு எப்போதும் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. அழகான செல் கிடைத்தால் அவர் இப்படித்தான் மெய்மறந்து பார்ப்பார் என்று நான் விட்டுவிட்டேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்த ஆளு அடுத்த கோடைக்கு மீன் பிடிக்கப் போகமாட்டான்" என்றேன்.

பிறகு பழக்கதோஷத்தில் டேப்பை உரிக்க விரலைக் கொண்டுபோனேன். டேப் இல்லை. டேப் ஒட்ட அங்கே பெயரே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது கடையில் பால் வாங்குகிற யாரோ இல்லை. தினமும் என்னோடு காபி குடிக்கிற யாரோ.

"யாருன்னு கண்டுபிடிக்கணும்" என்றேன்.

"பேர் வேண்டாம்னு சொல்லி வாங்கியிருக்கோம், வெர்னா."

"அதுக்காக விட்டுடறதா? இப்ப வெட்டி எடுத்தா ஆள் பிழைக்க வழியுண்டு. பையோட சுவரைத் தாண்டிடுச்சுன்னா?"

"அந்த ஆளுக்கே தெரிஞ்சிருக்கும். ரத்தம் போகாம இருக்காது."

"தெரிஞ்சவன் எதுக்கு இங்க கொண்டுவந்து கொடுக்கறான்?"

அவர் விளக்கை அணைத்தார். "உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னார்.

என் இஷ்டப்படி நடந்தேன். மறுநாளே எல்லோரையும் நிற்கவைத்து விஷயத்தைச் சொன்னேன். நம்மில் ஒருவருக்குப் புற்று இருக்கிறது, யார் என்று தெரியாது, எல்லோரும் இன்னொரு கப் கொடுங்கள், இந்தத் தடவை பெயரோடு. ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஆனால் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன், என் சிலைடை நானே பார்க்கக் கூடாது என்பதால் டாக்டர் பார்த்தார். எல்லாம் சுத்தம். டாக்டரிடம் கப் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கிறிஸ்துமஸ் விருந்துக்குக்கூட வராத மனிதர் அவர், கப் வைக்கிற கும்பலில் அவரை நான் சேர்க்கவே இல்லை.

கொடுக்காதவன் ஒருவன்தான். ரூடி பெல்லெட்டி. சதைத் துண்டுகளை மெழுகில் பதித்துச் சீவுகிறவன், சாயத் தொட்டிகளுக்கும் அவன்தான் பொறுப்பு. நானும் அவனும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஓயாமல் சிகரெட் குடிப்பான். மூத்திரப்பைப் புற்றுக்குச் சிகரெட் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்பது எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"யோவ் ரூடி, உன் கப் எங்க?"

"மறந்துட்டேன், தாயே."

"ஒண்ணுக்குப் போறதைக் கூடவா ஒருத்தன் மறப்பான்?"

"வயசாயிடுச்சு. நாளைக்குத் தர்றேன்."

நாளை நாளை என்று ஓட்டினான். ஒருநாள் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனான். சிலைடைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. தட்டையான தோல் செல்கள் பாய் விரித்த மாதிரி கிடந்தன. அவன் சிகரெட் பிடிக்கிற பின்வாசலுக்கே போய்ப் பிடித்தேன்.

"இது யாரோடது?"

"என்னோடதுதான்."

"இது பொம்பளை மூத்திரம்யா. இத்தனை வருஷமா என் பக்கத்துல உக்காந்திருக்க, இது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? உன் பொண்டாட்டி ஜினாகிட்ட சொல்லு, அவளுக்கு ஒரு குறையும் இல்லைன்னு."

அவன் சிகரெட்டைக் காலில் போட்டு நசுக்கினான்.

"எங்கப்பா இதுலதான் போனாரு, வெர்னா. பையை வெட்டி எடுத்தாங்க. அதுக்கப்புறம் அவர் மேல எப்பவும் ஒரு வாடை. எங்கம்மா ஜன்னலைத் திறந்து வச்சுட்டுத்தான் சாப்பாடு போடுவாங்க. எனக்கு அது வேண்டாம். தெரியாம இருந்துட்டுப் போறேன். விட்டுடேன்."

"விடமாட்டேன்" என்றேன்.

விடவில்லை. அவன்தான் என்று எனக்கு முடிவாகிவிட்டது. அவன் சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் போய் உட்கார்ந்தேன். ஜினாவுக்குப் போன் போட்டேன். அவள் அழுதாள், அவன் என்னிடம் கத்தினான், நான் திரும்பக் கத்தினேன். ஒரு உயிரைக் காப்பாற்றுகிற வெறி எனக்கு. கடைசியில் ஜினாவே அவனை இழுத்துக்கொண்டு போனாள். மூத்திரத் துவாரத்தின் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்த்தார்கள். அது என்ன சுகமா? மறுநாள் காலை ரூடி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான்.

"சுத்தம். மூலை முடுக்கெல்லாம் பார்த்தாச்சு. போதுமா?"

"ரூடி..."

"என் அப்பாவைத் திரும்ப ஒரு தடவை சாக வச்சுட்ட. நல்லாயிரு."

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டான். சிலைடு தட்டுகளை மேஜையில் வைக்கும்போது மட்டும் வேண்டுமென்றே சத்தம் வரும். எனக்கு வருத்தம்தான். அதைவிட அந்தச் சிலைடு என்னைத் தூங்கவிடவில்லை. ரூடி இல்லை, நான் இல்லை, யாரும் இல்லை. பிறகு யார்? கிடைக்கிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, இவர் இளைத்திருக்கிறாரா, இவருக்குச் சோகை தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் வந்தது. எங்கள் ஊர் ஆண்களுக்கு நவம்பரில் நோய் வராது. பல் வலி, நெஞ்சு வலி, மூட்டு வலி எல்லாம் மான் வேட்டைக் காலம் முடிகிற வரை வாசலில் காத்திருக்கும். பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விட்டுவிடுவார்கள். நெஞ்சில் கட்டியோடு காட்டுக்குப் போய் இரண்டு வாரம் பனியில் உட்கார்ந்துவிட்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும். டாக்டர் ட்ரெவார்த்தனுக்கு இது மட்டும் பொறுக்காது. அதிகம் பேசாத மனிதர், இதற்கு மட்டும் நடைவழியில் நின்று சத்தம் போடுவார். "மான் அடுத்த வருஷமும் வரும், நீ வருவியா?" என்று கேட்பார். அவரும் வேட்டைக்குப் போகிறவர்தான். ஏரிக்குத் தெற்கே காட்டுக்குள் அவருக்கு ஒரு மரக்குடிசை உண்டு, என் கணவர் ரெய்னோ வருடா வருடம் அவரோடுதான் போவார்.

அந்த வருடமும் போனார். ஒரு மானை அடித்துக் கொண்டுவந்தார். அன்றைக்கு ராத்திரி ஈரலை வெங்காயம் போட்டு வறுத்து வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே குடிசைக் கதைகளை அவிழ்த்துவிட ஆரம்பித்தார். ரெய்னோ வருடம் முழுக்க மொத்தமாகப் பேசுவதைவிட அந்த ஒரு வேளையில் அதிகம் பேசுவார்.

"ஒரு நாள் காலையில ஏமாந்துட்டேன் பாரு. மரங்க முடியற இடத்துல பனியில செகப்பா இருந்துது. நல்லா பெரிய கறை. எவனோ சரியா அடிக்காம மானைக் காயப்படுத்தி விட்டுட்டான்னு நெனச்சேன். பாவம், எங்க விழுந்து கிடக்கோன்னு தடத்தைத் தேடினேன்."

"கிடைச்சுதா?"

"குளம்படியே இல்ல. பூட்ஸ் தடம்தான். அது பின்னாலயே போறேன், போறேன், நேரா நம்ம குடிசை வாசல்ல வந்து நிக்குது."

அவர் தானாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"யாரோட பூட்ஸ்?"

"லாயிட்தான். நான் கேட்டேன். முந்தின நாள் பீட்ரூட் ஊறுகாய் ஒரு பாட்டில் காலி பண்ணினேன், அதான் செகப்பாப் போகுதுன்னாரு. நல்ல ஆளு போ." ரெய்னோ இன்னொரு துண்டை எடுத்தார். "ஏன், உனக்கு என்ன ஆச்சு? ஈரல் வேகலையா?"

நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மீன் பிடிக்கப் போகமாட்டான் என்று சொன்னேனே. அவர் முகத்துக்கு நேரே சொன்னேனே.

காலையில் அந்தச் சிலைடை எடுத்தேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை டேப்பை வெட்டி ஒட்டினேன். டாக்டரின் அறைக்குப் போய் அவர் கையில் கொடுத்தேன்.

"டேப் ஒட்டியிருக்கேன், டாக்டர். கீழ பேர்தான் இன்னும் எழுதல."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"வேட்டைக் கதைன்னா ரெய்னோவுக்கு வாய் சும்மா இருக்காதுன்னு தெரியும்."

"எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

"நானேதான் முதல்ல பார்த்தேன். எல்லாரும் போனப்புறம், என்னோடதை எடுத்து நானே சாயம் போட்டுப் பார்த்தேன். கல்லுன்னு நெனச்சேன். மறுநாள் பார்த்தேன், அப்பவும் கல்லுதான். வேற எவனோடதாவது இருந்தா ஒரு பார்வையில சொல்லியிருப்பேன். பேர் தெரிஞ்ச கண்ணு எதையும் பார்க்காது. பேர் போட்டு உன்கிட்ட கொடுத்திருந்தா நீ 'சந்தேகம்'னு இழுத்திருப்ப. எனக்குச் சந்தேகம் வேண்டாம், உன் வாய்தான் வேணும். அதுக்குத்தான் எல்லார் கப்பையும் வைக்கச் சொல்லி, நடுவுல என்னோடதையும் வச்சேன்."

"சரி, நான் சொன்னேன். அப்பவே தெரிஞ்சுதுல்ல? அப்ப இலை பழுத்துக் கிடந்தது. இப்ப வெளிய பாருங்க, முழங்கால் அளவு பனி. இவ்வளவு நாளா என்ன பண்ணீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பள்ளிக்கூடப் பையனின் முகம் அது.

"ஒரு வேட்டைக்குப் போயிட்டு வந்துடலாம்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது, ஆனால் கோபம்தான் முதலில் வந்தது. இருந்த இடத்திலேயே கத்தினேன்.

"மான் அடுத்த வருஷமும் வரும்னு ஊர்ல அத்தனை பேரையும் திட்டினீங்களே!"

"மான் வரும்" என்றார் அவர்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மெதுவாகப் பேசினார். பையை எடுத்துவிட்டால் வயிற்றில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும். அதோடும் காட்டுக்குப் போகலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் விடியற்காலையில் குடிசையைவிட்டு வெளியே வந்து, மரத்துக்குப் பக்கத்தில் பனியில் ஒன்றுக்கு நிற்பது இனி இல்லை. அப்படி ஒரே ஒரு தடவை நின்றுவிட்டு வந்துவிட வேண்டும் என்று நினைத்தாராம். நின்றபோது பனி சிவப்பாக இருந்ததாம்.

"ஏதாவது அடிச்சீங்களா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"ஒண்ணும் வரல."

"ரூடியை என்ன பாடு படுத்தினேன் தெரியுமா? பார்த்துட்டுச் சும்மா இருந்தீங்களே."

"அது தப்பு" என்றார். "அது மட்டும் பெரிய தப்பு. நானே போய்ச் சொல்றேன்."

அன்றைக்கே போய்ச் சொன்னார். ரூடி அவரைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. சாயத் தொட்டிக்கு முன்னால் நின்றபடி, கையுறையைக்கூடக் கழற்றாமல் அவரைக் கட்டிக்கொண்டான். டாக்டரின் வெள்ளைக் கோட்டின் முதுகில் நீலமாக இரண்டு கை பதிந்துவிட்டது. அதோடுதான் அவர் வீட்டுக்குப் போனார்.

டிசம்பரில் தெற்கே பெரிய ஆஸ்பத்திரியில் பையை எடுத்தார்கள். புற்று சுவரைத் தாண்டியிருந்தது. இலை பழுத்தபோதே போயிருந்தால் தாண்டியிருக்காதா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பார்கள். எனக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டு பல ராத்திரி ரெய்னோவை எழுப்பிச் சண்டை போட்டிருக்கிறேன். அவர் என்ன செய்வார், பாவம். பீட்ரூட் ஊறுகாயை நம்பிய மனிதர்.

டாக்டரின் இடத்துக்குத் தற்காலிகமாக ஒரு பெண் டாக்டர் வந்தார். நல்ல பெண். டேப் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஏப்ரலில் டாக்டர் ட்ரெவார்த்தனை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மேல்மாடியில் சேர்த்தார்கள். மூச்சு வாங்கியது. நெஞ்சில் நீர் கட்டியிருந்தது, ஊசி போட்டு எடுத்தார்கள். மேலிருந்து எனக்குப் போன் வந்தது.

"வெர்னா, என் தண்ணி கீழ வருது."

"அந்த டாக்டரம்மா பார்க்கட்டும், டாக்டர்."

"அவங்க கையெழுத்துப் போடட்டும். பார்க்கறது நீ. எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வை."

ரூடிதான் சாயம் ஏற்றினான். ரூடிதான் டேப் ஒட்டினான். ரூடிதான் மேலே போய் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான், மூக்கில் குழாய், மடியில் ஆக்சிஜன் உருளை. சட்டை தோளிலிருந்து நழுவியது. தலைமுடியை இப்போது யாரும் வெட்டவில்லை. இரட்டைத் தலை மைக்ராஸ்கோப்பின் அவர் பக்கத்தில் நிறுத்தி, உயரம் எட்டவில்லை என்று முதுகுக்கு இரண்டு தலையணை வைத்தான். நான் என் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நெஞ்சு நீர் சிலைடு அது ஒன்றுதான். டேப் யாரை ஏமாற்ற?

"சொல்லு" என்றார்.

நான் பார்த்தேன். தேட வேண்டிய வேலையே இல்லை. புள்ளி வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. எங்கே நகர்த்தினாலும் இருந்தன. கரிக்கட்டைகள், நாய் கடித்த ஓரங்கள். போன வருடம் நான் பார்த்த அதே முகங்கள்.

"ஆபரேஷன் ஆன உடம்பு" என்றேன். "நெஞ்சுக்குள்ள இருக்கற தோல் செல்லு எரிச்சல்ல வீங்கினாலும் இப்படிப் பெருசாத் தெரியும். அதனால..."

"வெர்னா."

"ம்."

"டேப்பைப் பார்க்காதே. செல்லைப் பாரு."

கண்ணீரில் செல் எதுவும் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு மறுபடி கண்ணை வைத்தேன். எதிரில் அவர் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. கதவருகே ரூடி நின்றுகொண்டிருந்தான். அவர் காத்திருந்தார். முதலில் நான் சொல்ல வேண்டும், அதுதானே சட்டம். பெயர் தெரியாமல் என் வாயிலிருந்து வருவதை வாங்கத்தான் அவர் அத்தனை பேரின் கப்பையும் குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னார். அதை இப்போது நான் மறுத்தால் அவருக்கு வேறு யார் சொல்வார்கள்?

"புற்று" என்றேன்.

"எங்கிருந்து?"

"மூத்திரப்பை. பழைய ஆளுதான்."

"எரிச்சல்ல வீங்கின செல்லா இருந்தா?"

"இல்ல, டாக்டர்."

"எவ்வளவு நிச்சயம்?"

"என் புருஷன் தலை வழுக்கைங்கறது எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு."

அவர் சிரித்தார். போன தடவை சிரிக்காததையும் சேர்த்துச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, ரூடி ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மூச்சு அடங்கியதும் மறுபடி கண்ணை வைத்து, குமிழைத் திருகிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சாயம் நல்லா ஏறியிருக்கு, ரூடி" என்றார்.

ரூடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"ஒத்துக்கறேன்" என்றார் என்னிடம். "டேப்பை உரி."

"வேண்டாம், டாக்டர்."

"உரி. அதுவரைக்கும்தான் அது செல்லு."

நான் உரித்தேன். டேப் பாதியில் கிழிந்து, மிச்சத்தை நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. பெயரைச் சத்தமாகப் படித்தேன்.

"ட்ரெவார்த்தன், லாயிட்."

வகுப்பில் பெயர் கூப்பிட்டால் சொல்கிற மாதிரி அவர் ஒரு கையைக் கொஞ்சம் தூக்கினார்.

"இருக்கேன்" என்றார்.

உறைந்து கிடந்த ஏரியில் பனி உடைகிற வரைக்கும் இருந்தார்.